அகழெலி எங்கே நின்றுவிட்டது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், "குரங்கோடு ஒப்பிட்டால், எலி இனத்தைச் சேர்ந்த அகழெலி பரிணாமத்தில் பாதி வழியிலேயே நின்றுவிட்ட பிராணி" என்று ஒரு வரி. ஒரே வரியில் இரண்டு தவறுகளை அடக்கிய சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மண்ணைத் தோண்டி வாழும் அகழெலி (mole) எலி இனமே அல்ல. மூஞ்சூறும் முள்ளெலியும்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். இன்னும் சொன்னால், எலிக்கு அகழெலியைவிடக் குரங்குதான் கிட்டத்து உறவு. அகழெலி இருப்பது வௌவால், குதிரை, திமிங்கிலமெல்லாம் வருகிற கிளையில். தங்களுக்குத் தெரியாததா என்ன!

சரி, அந்த "பாதி வழி"? குரங்கின் மூதாதையும் அகழெலியின் மூதாதையும் பிரிந்தது டைனோசர்கள் உலவிய காலத்தில். அன்றிலிருந்து இரண்டு கிளைகளும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. ஒன்று கண்ணைத் தீட்டிக்கொண்டு மோப்பத்தைக் கோட்டைவிட்டது. மற்றது மண்ணுக்குள் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. நட்சத்திர மூக்கு அகழெலிக்கு மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள். அவற்றால் தொட்டு, தின்னலாமா என்று முடிவுசெய்து விழுங்கவும் அதற்குக் கால் நொடி போதும். பாதியில் நின்றதன் லட்சணம் இதுதான் போலிருக்கிறது.

போதாததற்கு, படத்தின் கீழே "குரங்கின் விரல்களே அதன் உயர்வுக்குச் சான்று" என்று வேறு. சிலந்திக் குரங்குக்குக் கட்டைவிரல் இல்லையென்றே சொல்லலாம். அகழெலிக்கோ ஐந்து விரலோடு, மண்ணைத் தள்ள மணிக்கட்டருகே அரிவாளாய் வளைந்த எலும்பு ஒன்று கூடுதல். அதன் மேற்கை எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். குட்டையாக, பட்டையாக, ஓரமெல்லாம் புடைத்து, கை எலும்பென்றே தோன்றாது. எழுதியவர் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

முன்பு வௌவாலைப் பறவைகள் பக்கத்தில் போட்டீர்கள். அப்புறம் திமிங்கிலத்தை மீனாக்கினீர்கள். இரண்டுக்கும் எழுதினேன், பதில் இல்லை. மலர் பிரமாதம் என்று எழுதிய கடிதம் மட்டும் அடுத்த இதழிலேயே வந்துவிட்டது! உயிரியல் ஆசிரியனாக இருந்த காலத்தில், பரிணாமம் ஏணியல்ல என்று வகுப்பில் சொல்லி முடிப்பதற்குள், "பத்திரிகையில வேற மாதிரி போட்டிருக்கே சார்" என்று கத்தரித்த தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது தங்கள் பத்திரிகைதான்.

கட்டுரை முழுவதையும் திருத்தச் சொல்லவில்லை. "எலி இனத்தைச் சேர்ந்த" என்பது தவறு என்று இரண்டு வரி போட்டால் போதும். விளம்பரத்துக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்