ஆமாவா இல்லையான்னு மட்டும் கேட்டா

பாப்பாவுக்கு அப்பா எழுதறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ போன்ல சொன்னியே, ஸ்காட்லாந்துல உன் ஆஸ்பத்திரி வார்டுல ரெண்டு சீனியர் நர்சுங்க 2014 ஓட்டுல இருந்து சரியா பேசிக்கறதே இல்லன்னு, அத கேட்டதுல இருந்து அதப்பத்திதான் படிச்சிட்டு இருக்கேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை.

ஸ்காட்லாந்து தனி நாடா ஆகணுமான்னு 2014 செப்டம்பர்ல கேட்டப்ப 84.6 சதவீதம் பேர் ஓட்டு போட்டிருக்காங்க, 16 வயசு பசங்க கூட. 55க்கு 45னு வேணாம்னு முடிஞ்சுது. பிரிட்டனோட இருந்தாதான் ஐரோப்பிய யூனியன்ல நிச்சயமா இருக்கலாம்னு அப்ப ஒரு பிரச்சாரம். ரெண்டே வருஷத்துல, 2016 ஜூன் 23ல, பிரிட்டன் மொத்தமும் 51.9 சதவீதத்துல ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போலாம்னுடுச்சு, ஸ்காட்லாந்துல மட்டும் பாத்தா 62 சதவீதம் இருக்கலாம்னுதான் போட்டிருக்காங்க. தோத்தவங்க கோவம் எப்படிம்மா அடங்கும்? எலெக்‌ஷன்னா அஞ்சு வருஷம் பல்ல கடிச்சிட்டு இருந்தா மாத்திக்கலாம், இதுல அடுத்த ரவுண்டே கிடையாது. ஸ்காட்லாந்து தனியா போக இன்னொரு ஓட்டு வைக்கணும்னா லண்டன் சம்மதிக்கணும்னு 2022ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

யூனியன விட்டு போலாம்னு ஜெயிச்சவங்களுக்கும் எப்படி போறது, என்ன ஒப்பந்தம்னு ஒரே முடிவு இல்ல, ஓட்டுச் சீட்டுல அதெல்லாம் கேக்கவே இல்லையே. பார்லிமெண்ட கேக்காம வெளிய போற வேலைய ஆரம்பிக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொன்ன ஜட்ஜுங்கள ஒரு பேப்பர் மக்களோட எதிரிகள்னு முதல் பக்கத்துல போட்டுது. 2016 ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி ஜோ காக்ஸ்ங்கற எம்.பி.ய ஒருத்தன் தெருவுல வச்சு கொன்னுட்டான், சின்ன சின்ன குழந்தைங்க ரெண்டு பேரோட அம்மா.

அதே 2016 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? காவிரி கலவரம், பெங்களூர்ல நம்ம பஸ்ஸெல்லாம் எரியுது, நீ நர்சிங் படிச்சிட்டு இருந்த. உன் வார்டன் அம்மா, கன்னடக்காரங்க, அவங்க வண்டியிலயே அத்திப்பள்ளி வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டாங்க, அங்கிருந்து பேக்க தூக்கிட்டு எல்லை தாண்டி நம்ம பக்கம் ஜுஜுவாடிக்கு நடந்து வந்த, செருப்பு வேற அறுந்து போச்சு. அந்த வாரம் தமிழ்நாட்டுக்கு தண்ணி விடலாமா கூடாதான்னு ஒரு சீட்ட அந்தம்மா கையில குடுத்திருந்தா கூடாதுன்னுதான் குத்தியிருப்பாங்க. நான் இந்தப் பக்கம் விடணும்னு குத்தியிருப்பேன். உன்ன பத்திரமா கொண்டாந்து விட்டதுக்கு அந்த சீட்டுல இடமே இருந்திருக்காது. மழை இல்லாத வருஷம் எப்படி பங்கு போடறதுன்னு பேசி முடிக்க வேண்டியத ஆமா இல்லன்னு கேட்டா சண்டைதான் மிஞ்சும். நம்ம அரசியல் சட்டத்துல இந்த மாதிரி தேசிய ஓட்டுக்கு வழி வைக்காதது நல்லதுன்னே நினைக்கறேன், உன் மாமா ஒத்துக்க மாட்டார், மக்கள கேக்காம யாரக் கேக்கறதும்பார். அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.

இன்னொன்னு படிச்சேன். 1979ல ஸ்காட்லாந்துக்கு தனி சட்டசபை வேணுமான்னு கேட்டப்ப 51.6 சதவீதம் வேணும்னு போட்டும் செல்லல, மொத்த வாக்காளர்ல 40 சதவீதம் வரணும்னு ரூல், வந்தது 33கிட்டதான். 2016ல அப்படி எந்த ரூலும் இல்ல. இனிமே ஓட்டு வந்தா எவ்வளவு மெஜாரிட்டி வேணும்னு அங்க யாராச்சும் பேசறாங்களா? அந்த ரெண்டு நர்சுகிட்டயும் தனித்தனியா கேட்டுட்டு அடுத்த தடவ போன்ல சொல்லு, இந்திய பாஸ்போர்ட்டுனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரங்கன்னு 2014லயே ஓட்டுரிமை குடுத்திருக்காங்க, உனக்கும் அந்த சீட்டு வரலாம்.