உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருள் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் ஒரு வீடியோ நேர்காணல் முடிந்ததும் உங்கள் கருவி என் முகத்தைப் பார்த்து எழுதிய ஓர் அறிக்கை எனக்கு வந்தது. பதில் சொல்லத் தடுமாறி யோசித்த இடத்திலெல்லாம் 'கோபம்' என்று சதவீதத்தோடு போட்டிருந்தது. யோசித்தால் எனக்குப் புருவம் சுருங்கும், அவ்வளவுதான். எதிரில் ஓர் ஆள் இருந்திருந்தால் "கேள்வி புரியலையா?" என்று கேட்டிருப்பார். உங்கள் கருவி கேட்கவில்லை, எழுதிவிட்டது.

கேமராவைக் குறை சொல்லவில்லை. 1978-இல் எக்மன், ஃப்ரீசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் முக அசைவுகளுக்கு எண் கொடுத்தார்கள்: புருவம் இறங்கினால் 4, கன்னம் உயர்ந்தால் 6, வாயோரம் மேலே இழுபட்டால் 12. அசைவை அசைவாகவே குறித்துவைக்கும் நல்ல கணக்கு அது. ஆனால் 6-உம் 12-உம் சேர்ந்தால் மகிழ்ச்சி என்று முடிவுகட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். அவர்கள் கண்டது: கோபத்தில் இருப்பவர் பல நேரம் முகம் சுளிப்பதே இல்லை, சுளிப்பவர் எல்லாரும் கோபத்திலும் இல்லை. (சிரிப்பும் அப்படித்தான். உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது; அதன் எட்டு மெய்ப்பாடுகளிலேயே நகை, அதாவது சிரிப்பு வேறு, உவகை, அதாவது மகிழ்ச்சி வேறு. நகை பிறக்கும் நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல், அதாவது கேலி!)

இன்னொன்று. நீங்கள் பயிற்சிக்குக் கொடுக்கும் படங்களில் பலவற்றுக்கு 'சோகம்', 'வெறுப்பு' என்று பெயர் ஒட்டியவர் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, வேறு யாரோ பார்த்துச் சொன்னது. ஆகவே உங்கள் மென்பொருள் கற்றுக்கொள்வது ஒருவர் என்ன உணர்கிறார் என்பதை அல்ல, பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பதைத்தான். 1982-இல் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்புக் குறியாக முன்மொழிந்தாரே, அதில் 'இது வேடிக்கை' என்று சொல்வது எழுதியவரே. எனக்கு அது எவ்வளவோ மேல்.

மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முகக் கணிப்புச் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை விலக்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இப்படிக் கணிப்பதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை.

சரி, முழுதாக நிறுத்துங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பார்த்ததை எழுதுங்கள்: 'புருவம் சுருங்கியது, இத்தனை வினாடி' என்று. அப்புறம் அதை முதலில் எனக்குக் காட்டுங்கள், தப்பென்றால் திருத்த ஓர் இடம் கொடுங்கள். என் அறிக்கையின் கடைசிப் பக்கம்வரை அப்படி ஓர் இடத்தைத் தேடினேன். 'பதிவிறக்கு' என்ற பொத்தான் மட்டும்தான் இருந்தது.