அது கதிர்வீச்சு ஊசி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவ இணைப்பில், மூளைக் கட்டியைக் கண்டறிய ‘கதிர்வீச்சு மிகுந்த சாய ஊசியைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்’ என்றொரு வரி வந்திருந்தது. தாங்கள் அறியாததல்ல, அந்தக் கருவி வேலை செய்வது காந்தத்தாலும் ரேடியோ அலையாலும்தான். எங்கள் விசைப்படகுகளில் வயர்லெஸ் பேசுவதும் ரேடியோ அலையில்தான். அதற்குப் பயந்து எந்தச் சம்மாட்டியும், அதாவது படகு முதலாளியும், படகைக் கரையில் கட்டிப்போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் தங்கையின் கணவர் படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். வலிப்பு வந்ததும் ஊசி போடாமல் எடுத்த பிளெயின் எம்.ஆர்.ஐ.யில் ஏதோ அழுத்துவது தெரிந்ததே தவிர, அதன் எல்லை பிடிபடவில்லை. கான்ட்ராஸ்ட் என்னும், படத்தைத் தெளிவாக்கும் ஊசியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார்கள். தங்கள் இதழில் முன்பு வந்த ‘கதிர் ஊசி’க் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்த என் தங்கை, வேண்டவே வேண்டாம் என்று 19 நாள்களைக் கடத்தினாள். பிறகு தங்கச்சிமடத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து மதுரைக்குப் போனால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையின் முடிவு இல்லாமல் ஊசி போட முடியாது என்றார்கள். இதைக் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா என்றும் கேட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். காந்தம் இரும்பை இழுக்குமே, வெல்டிங்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். தங்கள் கட்டுரையாளருக்கு அது தோன்றவில்லை.

அன்று செலுத்தியது காடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. அதில் கதிரியக்கம் இல்லை. நல்ல மூளைத் திசுவுக்குள் இரத்தத்திலிருந்து அது எளிதில் புகாதபடி ஒரு தடுப்பு உண்டு, அந்தத் தடுப்பு சிதைந்த கட்டிக்குள் கசிந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். இவருக்கு இருந்ததோ மூளையின் உறையில் வளர்ந்த கட்டி. அங்கே அந்தத் தடுப்பே கிடையாது என்பதால், பிளெயின் படத்தில் மூளையின் நிறத்தோடு கலந்து கிடந்த அது, ஊசிக்குப் பின் சுண்ணாம்பு பூசியதுபோல் முழுவதும் வெளுத்துத் தெரிந்தது. எல்லாக் கட்டியும் அப்படி வெளுக்காது, மெதுவாக வளரும் சில கட்டிகள் மருந்தை வாங்குவதே இல்லை என்றும் சொன்னார். தங்கள் கட்டுரையில் இதற்கெல்லாம் இடமில்லை. இருந்த இடத்தை, எக்ஸ்ரே கதிரால் வேலை செய்யும் ஒரு சி.டி. கருவியின் படம் அடைத்துக்கொண்டது, அதன் கீழே ‘எம்.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளுடன்.

சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவர்களுக்கு இம்மருந்துகளில் பழைய வகைகள் சில தோலை இறுகச் செய்யும் நோயைத் தந்தது உண்மை. கிரியேட்டினின் கேட்பது அதனால்தான். அந்த எச்சரிக்கையை எல்லோருக்குமான பூச்சாண்டியாக ஆக்கியதும் தங்கள் இதழே. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் கண்டேனில்லை.

என் வேண்டுகோள் சிறியது. ‘கதிர்வீச்சு’ என்றது பிழை என்றும், ஊசிக்குப் போகிறவர்கள் கிரியேட்டினின் முடிவைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றும், அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். வரி விளம்பரங்களுக்கு நடுவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.