வலையும் மாவும் படிக்கல்லும் காட்டித் தந்தவர்களுக்கு

முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கோட்டையிலும் எங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தொழிலைக் காட்டித் தந்த ஐயாமார், அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் அன்பின் வணக்கம்.

இயேசுவின் உவமைகளை முதலில் கேட்டவர்களுக்கு வலை என்றால் என்ன, புளித்தமா என்றால் என்ன என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தொடர்மாடியில் வளர்ந்து, மீனைத் துண்டாகவும் பாணைப் பையிலும் மட்டும் காணும் எங்கள் பிள்ளைகளுக்கோ உவமையில் பாதி காதில் விழும்போதே நழுவிவிடுகிறது. அந்தப் பாதியைத் தந்தவர்கள் நீங்கள். சில இடங்களில் நாங்கள் வழக்கமாகச் சொல்லிவந்த பாடத்தையே திருத்தியும் தந்தீர்கள்.

முகத்துவாரத்து வலைக்கார ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. கிழிந்த வலையைத் தைக்கும்முன் அவர் கத்தியை எடுத்து ஓட்டையை இன்னும் பெரிதாக வெட்டியபோது பிள்ளைகள் வாய்விட்டே கத்திவிட்டார்கள். காரணத்தை அவர் நூலைப் பிடித்துக் காட்டினார். நல்ல வலையில் ஒரு முடிச்சுக்கு நான்கு நூல் சேரும். கிழிசலைச் சுற்றி அறுந்து தொங்கும் நூல்களையெல்லாம் வெட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நூல் மட்டும் மிஞ்சும்படி செய்யவேண்டும். மூன்று நூல் மிஞ்சிய முடிச்சு இரண்டே இரண்டுதான் இருக்கலாம்: ஒன்றில் தொடக்கம், மற்றதில் முடிவு. இப்படி வெட்டாமல் ஓட்டையை இழுத்துக் கட்டினால் வலைக்கண்கள் கோணி, பாரம் முழுவதும் ஒரே முடிச்சில் ஏறி, அடுத்த முறை அதே இடத்தில் கிழியும். நூலைச் சுற்றிவைத்துத் தைக்கும் வலை ஊசியில் நூலை நிறையச் சுற்றினால் அது வலைக்கண்ணுக்குள் நுழையாது. நைலோன் முடிச்சை நன்றாக இறுக்காவிட்டால் வழுக்கிவிடும். பிள்ளைகள் பழக 3 மில்லிமீற்றர் பருத்திக் கயிறும் 5 சென்ரிமீற்றர் அகல அளவுப் பலகையும் போதும் என்று சொன்னவரும் அவரே. இருவருக்கு ஓர் ஊசி, ஐந்து மீற்றர் கயிறு என்ற கணக்குச் சரியாக வந்தது.

யாக்கோபும் யோவானும் படவில் வலை பழுதுபார்த்தார்கள் என்று மாற்கு 1:19 சொல்லும் இடத்தில் வருகிற கிரேக்கச் சொல்லே, குற்றத்தில் அகப்பட்டவனைச் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று கலாத்தியர் 6:1 சொல்லும் இடத்திலும் வருகிறது. இது எங்களுக்கு ஏட்டில் தெரிந்திருந்தது. சீர்பொருந்தப்பண்ணுவதில் வெட்டும் உண்டு, ஆனால் முடிச்சு விழவேண்டிய இடம் தெரிந்த கைதான் வெட்டவேண்டும் என்பது ஐயாவின் மடியில் கிடந்த வலையைப் பார்த்தபிறகே விளங்கியது.

இன்னொரு திருத்தமும் அவருடையதே. மத்தேயு 13:47இன் வலை உவமையில் வருவது வீச்சுவலை அல்ல, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை. ‘நீ நல்ல மீனா, கெட்ட மீனா?’ என்று பிள்ளைகளிடம் கேட்பது எங்கள் வழக்கம். கயிறு இழுக்கிறவன் மீனைத் தரம் பார்க்கிறதில்லையே என்றார் ஐயா. இரு பக்கமும் ஒரே வேகத்தில் இழுப்பதுதான் அவனுடைய வேலை. ஒரு பக்கம் முந்தினால் மீன் சேரும் வலைமடி சரிந்து மீன் போய்விடும். தரம் பிரிப்பது கரைக்கு வந்தபிறகு, அதுவும் ‘உட்கார்ந்து’ என்று வசனமே சொல்கிறது.

கொட்டாஞ்சேனைப் பேக்கரி அண்ணாமாருக்கு அடுத்த நன்றி. ஒரு பெண் புளித்தமாவை அடக்கிவைத்த ‘மூன்றுபடி மாவு’ என்று மத்தேயு 13:33இல் வாசிக்கும்போது ஒரு வீட்டுச் சமையல் அளவுதான் மனதில் வருகிறது. மூலத்தில் அது மூன்று சேயா என்ற பழைய எபிரெய அளவு. ஏறக்குறைய 36 லீற்றர் என்று வைத்தால் 20 கிலோ கோதுமை மாவுக்குக் குறையாது. அதைக் கேட்ட அண்ணா உடனே கணக்குப் போட்டார்: றாத்தல் பாண் அறுபதுக்கு மேல். ஒரு பெண் தன் வீட்டிலே ஊருக்கே பாண் போட்டிருக்கிறாள்!

அவர் சொல்லித் தந்த போத்தல் சோதனையை மற்றச் சபையாரும் செய்து பார்க்கலாம். ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தல் மூன்று. ஒவ்வொன்றுக்கும் மா 250 கிராம், தண்ணீர் 160 மில்லிலீற்றர், ஈஸ்ற் 3 கிராம், உப்பு 5 கிராம். முதலாவதுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டாவதுக்குக் கொதிநீர், மூன்றாவது குளிர்சாதனப் பெட்டிக்குள். மாவின் மட்டத்தில் இறப்பர் வளையம் போடுங்கள். கொழும்புச் சூட்டில் முதல் போத்தல் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு மடங்காகும். இரண்டாவதில் ஈஸ்ற் செத்துவிட்டதால் மா அசையாது. மூன்றாவது மெதுவாக, மறுநாள்வரை எழும்பிக்கொண்டிருக்கும். உப்பை ஈஸ்றின் மேலே நேராகக் கொட்டாமல் மாவோடு கலந்துவிடவேண்டும். முதல் போத்தலை மத்தியானம்வரை வெயிலில் மறந்துவிட்டால் புளித்து, பொங்கி, அமுங்கிப்போகும். பரிசேயரின் புளித்தமாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று அதே சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தில் சொல்வதை விளக்க அந்தப் புளித்த வாசனை போதும்.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கித் தந்த முதலாளிக்கு: இரும்புப் படிக்கல்லின் குழியில் ஈயம் நிரப்பி, அதன்மேல் முத்திரை குத்தியிருப்பதை நீங்கள் திருப்பிக் காட்டியதால்தான் நீதிமொழிகள் 11:1இல் உள்ள ‘சுமுத்திரையான நிறைகல்’ என்ற சொல் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. கள்ளம் செய்யாதவனின் கல்லும் தேயும், அதனால்தான் ஆண்டுதோறும் முத்திரை என்றீர்களே, அதை நாங்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

கோட்டையில், சத்தாம் வீதி முனையில் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டிய, துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கும் நன்றி. 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழும்பி, பத்து வருடம் கழித்து வெளிச்சவீடுமான கட்டடம் அது. 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. விளக்கில் பழுதில்லை. சுற்றிலும் எழும்பிய கட்டடங்கள் கடலுக்கு வெளிச்சத்தை மறைத்துவிட்டன. யாரும் மரக்காலைக் கொண்டுவந்து கவிழ்க்கவில்லை, அக்கம்பக்கம் வளர்ந்தது, அவ்வளவுதான். புதிய வெளிச்சவீட்டைக் கடலோரமாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்கமாட்டார்கள் என்ற மத்தேயு 5:15ஐ அந்த முனையில் நின்று வாசித்தபிறகு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. (ஜனாதிபதி மாளிகை அருகிலேயே இருப்பதால் பொலிஸாரிடம் கேட்டபிறகே படம் எடுக்கவேண்டும்.)

தண்ணீர்ப் போத்தலும் அவித்த கடலையும் சுமந்துவந்த அம்மாமாருக்கும், காசு வாங்க மறுத்த ஓட்டோ அண்ணாவுக்கும் தனியாக நன்றி. இதேபோல் அழைத்துப்போக எண்ணுகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். காலை 6.30க்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் வீடு சேருங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஒரே காலையில் நாலு இடம் ஓடினால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது ஐஸ்கிறீம் மட்டும்தான். முதல் நாளே போய் அனுமதி கேளுங்கள், தொழில் செய்கிறவரின் கடையில் ஏதாவது வாங்குங்கள். முக்கியமாக, வசனத்தை முதலில் வாசிக்காதீர்கள். வாசித்துவிட்டால் பிள்ளைகள் வலையைப் பார்க்கமாட்டார்கள், சரியான விடையைத் தேடுவார்கள். இருபது நிமிடம் பார்க்கட்டும், பத்து நிமிடம் தொழிலாளியிடம் கேட்கட்டும், பிறகு வேதாகமத்தைத் திறவுங்கள்.

வலைக்கார ஐயா, இரவல் தந்த ஆறு ஊசிகளில் ஒன்று நுனி முறிந்துவிட்டது. மூங்கிலில் புதிதாக ஒன்று செய்வித்து, மற்ற ஐந்தோடும் சனிக்கிழமை காலை கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13