ரெடிஸ் யாரோட சொத்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல டேட்டாபேஸ் லைசன்ஸ் பத்தி வந்த கட்டுரையில "ரெடிஸ் கம்பெனி தன் சொத்தைத்தானே பூட்டிக்கிச்சு"ன்னு ஒரு வரி, படிச்சதுல இருந்து மனசே ஆறல. தன் சொத்தா சார்? ரெடிஸ்ங்கறது டேட்டாவை மெமரியிலயே வச்சு வேகமா எடுத்துக் குடுக்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். 2009ல சால்வடோரே சான்ஃபிலிப்போங்கற இத்தாலிக்காரர் எழுதி, யாரும் எடுத்து மாத்திப் பயன்படுத்தலாம்ங்கற பிஎஸ்டி லைசன்ஸ்ல எல்லாருக்கும் விட்டது, அப்போ இந்தக் கம்பெனியே கிடையாது. 2020ல அவர் ஒதுங்கினப்புறம் அதைப் பாத்துக்க அமைஞ்ச அஞ்சு பேர் கோர் டீம்லயே ஒருத்தர் அலிபாபா, ஒருத்தர் அமேசான், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்ல. நான் அனுப்பின திருத்தம்கூட அதுல இருக்கு, கான்ஃபிக் ஃபைல் கமென்ட்ல ரெண்டே வரிதான், ஆனா வேலை முடிச்சு வந்து ராத்திரி உக்காந்து சும்மா செஞ்சு குடுத்தது. ஊர் கூடி இழுத்த தேரு சார் அது.

2018ல அந்தக் கம்பெனி, கூடுதலா சேத்துக்கற மாட்யூல்களுக்கு மட்டும் லைசன்ஸ் மாத்தினப்போ, மெயின் ரெடிஸ் பிஎஸ்டியிலயேதான் இருக்கும்னு அவங்களே சொன்னாங்க. அதை நம்பித்தான் கேஷ், க்யூ, செஷன்னு எல்லாத்தையும் அதுமேல கட்டினோம். 2024 மார்ச்ல, 7.4 வெர்ஷன்ல இருந்து பிஎஸ்டி கிடையாது, எஸ்எஸ்பிஎல் (சர்வீஸா விக்கறவங்க தங்க கோடையும் வெளியிடணும்ங்கற லைசன்ஸ்) மாதிரி கட்டுப்பாடுதான்னுட்டாங்க. சட்டப்படி பிஎஸ்டி அதுக்கு இடம் குடுக்குது, சரி, குடுத்த வாக்குன்னு ஒண்ணு இல்லையா? அதே 2018ல இன்னொரு டேட்டாபேஸ் மாங்கோடிபி எஸ்எஸ்பிஎல்லுக்குப் போச்சு, 2021ல தேடல் சாஃப்ட்வேர் எலாஸ்டிக், இவங்களும் மாத்தவே மாட்டோம்னு சொன்னவங்கதான். பெரிய க்ளவுட் கம்பெனிங்க எங்க உழைப்புல சம்பாதிக்குதுங்கறாங்க, அந்த வருத்தம் நியாயமாவே இருக்கட்டும், மாட்டிக்கிறது எங்கள மாதிரி ஆளுங்கதான். எங்க கிளையன்ட் ஒருத்தரோட லீகல் டீம் பேக்கேஜ் லிஸ்டை எக்ஸெல்ல வாங்கி, எஸ்எஸ்பிஎல்னு இருந்த வரிக்கெல்லாம் சிவப்படிச்சு திருப்பி அனுப்பிட்டாங்க. 7.2லயே நிறுத்தி வச்சு ஓட்டிட்டு கடைசியில ரெடிஸ்ல இருந்து பிரிஞ்ச வால்கீக்கு மாறினோம். அதே 6379 போர்ட், அப்ளிகேஷன் கோட்ல ஒரு வரிகூட தொடல, ஆனா டெஸ்டிங், பேக்கப், மானிட்டரிங்னு நாங்க முழிச்ச ராத்திரியெல்லாம் யார் கணக்குல சேரும்?

லினக்ஸ் ஃபவுண்டேஷன்ல அந்த 7.2.4 கோட்ல இருந்தே வால்கீ பிரிஞ்சு வளர்றத பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல. 2025 மே மாசம் ரெடிஸ் 8ல ஏஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸையும் சேர்த்ததும் இல்ல. காலேஜ் காலத்துல இருந்து உங்க இதழைப் படிக்கறவன், அதான் உரிமையோட கேக்கறேன். அடுத்த இதழ்ல அந்த வரியைத் திருத்தி, இந்த ரெண்டு விஷயத்தையும் சின்னதா ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க.

இப்படிக்கு,
சர்வர் அட்மின் வாசகர், கோயம்புத்தூர்