அல்சாஸ்-லொரேன் வரைபடம் வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அல்சாஸ்-லொரேன் நிலம் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கைமாறிய கதையைக் காட்ட, மாணவர்களுக்காக நீ வரைந்த ஐந்து தாள்களும் கிடைத்தன. உழைப்பு தெரிகிறது. ஆனால் 1871 தாளில் லொரேனின் நான்சி நகரையும் ஜெர்மனியின் வண்ணத்தில் தீட்டிவிட்டாய். முதலில் அதை அழி. 1870-71 பிரான்ஸ்-ஜெர்மன் போருக்குப் பின் ஜெர்மன் படை அங்கே 1873 வரை தங்கியிருந்தது, அவ்வளவுதான். நான்சி பிரான்ஸிலேயே இருந்தது. பெயரில் லொரேன் இருப்பதால் முழு லொரேனும் கைமாறியது என்று நினைப்பதே எல்லாரும் சறுக்கும் இடம்.

பழைய மாவட்ட எல்லைகளை முதலில் பென்சிலால் போட்டுக்கொள். மொசெல் மாவட்டத்தில் பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போனது, மேற்கே பிரியே வட்டாரம் பிரான்ஸில் நின்றது. மெர்த் மாவட்டத்திலிருந்து சார்பூர், ஷாத்தோ-சலேன் இரண்டும் போயின. மிஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்து மெர்த்-மொசெல் என்று புதிய மாவட்டம் ஆக்கினார்கள். இன்றைய படத்தில் அதன் வடபகுதி ஒல்லிக் கழுத்தாக நீள்வது அதனால்தான். 1918இல் நிலம் பிரான்ஸிடம் திரும்பியபோதும் பழைய மாவட்டங்கள் திரும்பவில்லை. ஜெர்மானியர் வகுத்த கோடே மொசெலின் எல்லையாக நிலைத்தது. ஆகவே 1919 தாளுக்கு 1870 படத்தை அப்படியே நகலெடுத்தால் தப்பாகும்.

அல்சாஸின் தெற்கோரத்தில் இருந்த பெல்ஃபோரும் நான்சியைப் போலவே பிரான்ஸில் நின்றது. 103 நாள் முற்றுகையைத் தாங்கிய அந்தக் கோட்டை நகரை பிரான்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அதைச் சுற்றிக் கூடுதல் நிலம் கிடைப்பதற்காக, லக்சம்பர்க் எல்லையோரம் சில ஊர்களைக் கொடுத்தது. இன்றும் பெல்ஃபோர் அல்சாஸோடு சேராத தனி மாவட்டம்.

மொழியை வைத்து எல்லையை விளக்கும் குறிப்பை எடுத்துவிடு. மெட்ஸ் நகரமும் சுற்றுப்புறமும் பிரெஞ்சு பேசின, ஆனாலும் ஜெர்மனிக்குப் போயின. ஜெர்மனிக்கு அங்கே மொழியைவிட மெட்ஸ் கோட்டைதான் பெரிதாகத் தெரிந்தது.

முதல் தாளில் 1648 என்ற ஒற்றைத் தேதி போதாது. அந்த ஆண்டு வெஸ்ட்பாலியா உடன்படிக்கையில் அல்சாஸில் பிரான்ஸுக்கு வந்தவை, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் உரிமைகள். ஸ்ட்ராஸ்பூர்க் 1681இல்தான் வந்தது, லொரேன் கோமகநாடு 1766இல், முல்ஹவுஸ் 1798இல். நான்கு சாயல்களாகத் தீட்டினால் சரியாக வரும்.

1940 தாளில் நீ போட்டிருப்பது கெட்டிக்கோடு. அது புள்ளிக்கோடாக வேண்டும். 1871க்கு உடன்படிக்கை உண்டு, 1940க்குக் கிடையாது. நாஜிகள் அல்சாஸை பாடன் பகுதி நிர்வாகியிடமும் மொசெலைச் சார் பகுதி நிர்வாகியிடமும் ஒப்படைத்துத் தங்கள் நாடாகவே நடத்தினார்கள். இந்த வேறுபாடு ஏட்டுச் சங்கதி அல்ல. 1942 ஆகஸ்டிலிருந்து அங்கிருந்து ஏறத்தாழ 1,30,000 பேரை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள், சட்டப்படி அவர்கள் பிரெஞ்சுக் குடிகளாக இருந்தபோதே. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. படத்தின் ஓரத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கு. வண்ணம் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் போய்விடக் கூடாது.

1945 தாளில் கோடு சரி. ஆனால் சட்டத்தின் எல்லை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது, அதையும் மெல்லிய கோடாகக் காட்டு. அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் அல்சாஸின் இரண்டு மாவட்டங்கள், மொசெல் ஆகிய மூன்றுக்கும் பொருந்தாது, அது வந்தபோது அவை ஜெர்மனியில் இருந்தன. புனித வெள்ளியும் டிசம்பர் 26உம் அங்கே கூடுதல் விடுமுறை. பிரான்ஸின் மற்ற பகுதிகளில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும் ரயில்கள், அங்கே வலப்பக்கம் ஓடுகின்றன. பழைய எல்லையருகே ஒரு பாதையை இன்னொன்றின் மேல் பாலமாக ஏற்றிப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள்.

மை தீட்டும் முன் மொசெல் எல்லையை மட்டும் ஒருமுறை அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்