கயலுக்கு, பிராயில்ஸைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீ பெண்கள் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்) கோச்சாக இருக்கிற கல்லூரியில் உன்னைத் துணை அத்லெடிக் டைரக்டராக, அதாவது எல்லா விளையாட்டையும் நிர்வகிக்கிற ஆபீஸுக்கு, வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தியை உன் அப்பா இந்நேரம் பென்டன்வில் முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். எனக்கும் சந்தோஷம்தான் கண்ணு. ஆனால் நீ கேட்டாயே, "இத்தனை வருஷம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவள் ஆபீஸில் போய் உட்கார்ந்தால் சரியாக வருவேனாம்மா?" என்று. அதற்குப் பதில் போனில் பேசித் தீராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வளர்ந்த இடத்திலேயே இதற்கு ஒரு ஆள் இருந்தார். ஃப்ராங்க் பிராயில்ஸ், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் கோச்சாக இருந்து அத்லெடிக் டைரக்டர் ஆனவர். ஃபேயட்வில் ஸ்டேடியத்தில் புல்தரைக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். உனக்கு அவர் டை கட்டிக்கொண்டு டிவியில் வருகிற வயதான பெரியவர். 1998ல் நாங்கள் இங்கே வந்தபோதே அவர் கோச் வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் என் ஆபீஸில் இருந்த பழைய ஆர்கன்சா ஆட்கள் எல்லாரும் அவரை "கோச் பிராயில்ஸ்" என்றுதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்கு இந்த ஃபுட்பால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அப்புறம் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

அவர் ஜார்ஜியாக்காரர், 1924ல் பிறந்தவர். மிசூரியில் ஒரே ஒரு சீசன் கோச்சாக இருந்துவிட்டு 1958ல் ஆர்கன்சாவுக்கு வந்தார். வந்த வருஷம் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. ஆறும்! இன்றைக்கு என்றால் மூன்றாவது தோல்வியிலேயே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அப்போது இங்கே டைரக்டராக இருந்தவர் ஜான் பார்ன்ஹில். அவரும் இதே அணிக்குக் கோச்சாக இருந்து ஆபீஸுக்குப் போனவர்தான். பிராயில்ஸைக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் அசையவில்லை. மீதி நான்கு ஆட்டத்தையும் பிராயில்ஸ் ஜெயித்தார். அடுத்த வருஷமே சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டணியின் பட்டத்தில் பங்கு வாங்கினார். 1964ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் காட்டன் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 10-7 என்று ஜெயித்து தேசியப் பட்டமும் வந்தது. அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜெர்ரி ஜோன்ஸ், இன்னொருவர் ஜிம்மி ஜான்சன். பின்னாளில் டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஒருவர் முதலாளி, ஒருவர் கோச். பிராயில்ஸிடம் உதவிக் கோச்சாக இருந்துவிட்டுப் போய்ப் பெரிய கோச் ஆனவர்கள் ஒரு பட்டாளமே உண்டு. நாட்டிலேயே சிறந்த உதவிக் கோச்சுக்கு 1996லிருந்து கொடுக்கிற விருதுக்கு அவர் பேர்தான்.

1969 டிசம்பர் 6 ஆட்டத்தை இங்கே வயதானவர்கள் இன்னும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். ஃபேயட்வில்லில் டெக்சஸோடு ஆட்டம். ஜனாதிபதி நிக்சனே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான்காவது குவார்ட்டர் தொடங்கும்போது ஆர்கன்சா 14-0 என்று முன்னால். முடியும்போது டெக்சஸ் 15, ஆர்கன்சா 14. நடுவில், பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி வாங்குகிற ஃபீல்டு கோல் ஒன்று அடித்திருந்தாலே போதும் என்ற தூரத்தில் இருந்துகொண்டு இவர்கள் பாஸ் போட்டார்கள், பந்து எதிராளி கைக்குப் போய்விட்டது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அன்றைக்குக் களத்தில் இறங்கியவர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. இதையும் வைத்துத்தான் நான் அவரை எடைபோடுகிறேன்.

1974ல் அவர் டைரக்டர் ஆனார். ஆனால் கோச் பதவியை விடவில்லை, இரண்டையும் சேர்த்தே 1976 முடிய வைத்திருந்தார். கடைசி ஆட்டம் ஆஸ்டினில், டெக்சஸோடு. எதிர்ப்பக்கம் நின்ற டேரல் ராயல் அவருக்கு நெருங்கிய நண்பர். அன்றோடு இரண்டு பேருமே கோச் வேலையை விட்டார்கள். அப்புறம் 2007 கடைசி வரைக்கும் அவர் டைரக்டர்தான்.

இனிமேல் சொல்வதுதான் உனக்கு முக்கியம், நிதானமாகப் படி.

அந்த முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் செய்த நல்ல வேலைகளை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி அவருக்குத் தெரியாத விளையாட்டில்தான் நடந்திருக்கிறது. கூடைப்பந்துக்கு 1974ல் எடி சட்டனைக் கொண்டுவந்தார். நான்கே வருஷத்தில் ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணி வரை போனார்கள். 1985ல் நோலன் ரிச்சர்ட்சனைக் கொண்டுவந்தார். அந்தக் கான்ஃபரன்ஸில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைக் கூடைப்பந்துக் கோச் ஆனது அதுதான் முதல் தடவை. 1994ல் தேசியப் பட்டம். அப்புறம் உன் தெய்வம் ஜான் மெக்டானல்! அயர்லாந்தில் மேயோ பக்கத்துக் கிராமத்துக்காரர். 1972ல் கிராஸ் கன்ட்ரி கோச்சாக வந்தார். பிராயில்ஸ் டைரக்டராக இருந்த காலத்தில் முழுத் தடகளமும் அவர் கைக்கு வந்தது. 2008ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 40 தேசியப் பட்டம். ஓடுகிறவர்களைப் பற்றி ஃபுட்பால்காரருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால் மெக்டானலை அவர் போக்கில் விட்டார், கேட்டதைக் கட்டிக் கொடுத்தார். நீ பத்து வயதில் ராண்டல் டைசன் உள்ளரங்கத்தில் அந்தச் சரிந்த வளைவில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு "இதில் விழாமல் எப்படிம்மா ஓடுகிறார்கள்?" என்று கேட்டாயே, அந்த அரங்கம் 2000ல் திறந்தது. பிராயில்ஸ் காலத்து வேலைதான்.

இப்போது அவருக்குத் தெரிந்த விளையாட்டைப் பார். லூ ஹோல்ட்ஸைக் கொண்டுவந்தார், நன்றாகத்தான் போனது, ஏழு சீசனில் அவர் வெளியே. அடுத்து கென் ஹாட்ஃபீல்டு. 1964 அணியில் இவரிடமே ஆடிய பிள்ளை. 1988லும் 1989லும் தொடர்ந்து கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கிக் கொடுத்த கையோடு கிளெம்சனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பட்டம் வாங்கியவர் ஏன் போகிறார்? பழைய கோச் மேல்மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தால் கீழே நிற்கிறவருக்கு மூச்சு முட்டும் என்று என் ஆபீஸ் ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை நம்புகிறேன். 1992ல் சீசனின் முதல் ஆட்டத்தில் சிட்டடல் என்ற சின்னக் கல்லூரியிடம் 10-3 என்று தோற்றதும் மறுநாளே ஜேக் குரோவை அனுப்பிவிட்டார். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் குரோவுக்குச் சரியில்லைதான். ஆனாலும் ஆறு தோல்விக்குப் பொறுத்துக்கொண்ட ஒருவரால் பிழைத்தவர், இன்னொருவருக்கு ஒரு ஆட்டம் பொறுக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

உனக்கும் கண்டம் கிராஸ் கன்ட்ரியில்தான் கண்ணு. கோல்ஃபிலும் வாலிபாலிலும் நீ நன்றாகவே செய்வாய். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குணம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உன் இடத்தில் வந்து நிற்கப்போகிற பிள்ளை நீ போட்ட பயிற்சி அட்டவணையை மாற்றும்போதுதான் உனக்குக் கை துறுதுறுக்கும். செவ்வாய்க்கிழமை வைக்கிற இன்டர்வல் ஓட்டப் பயிற்சியை எடுத்துவிட்டு மலை ஓட்டம் வைப்பாள். நீ சேர்த்த பெண்ணைப் போட்டியில் ஓடுகிற ஏழு பேரில் எடுக்க மாட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா உனக்குத்தான் போன் போடுவாள். அப்போது கோச்சிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு நீ போனை வைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன், அதற்கு நீ பயப்படுகிறாய் என்று தெரியும். ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் டிக்கெட்டிலும் டிவியிலும் கொண்டுவருகிற காசில்தான் பெரிய கல்லூரிகளில் மற்ற விளையாட்டெல்லாம் நடக்கிறது. 1984ல் உச்ச நீதிமன்றம் டிவி உரிமையை என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் கையிலிருந்து எடுத்தது. அதிலிருந்து எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறோம் என்பதே சோறு போடுகிற விஷயம் ஆகிவிட்டது. பிராயில்ஸ் அதை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்தார். சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆர்கன்சாவைத் தவிர எல்லாமே டெக்சஸ் கல்லூரிகள். 1990ல் அதை விட்டு சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தார். பழகிய எதிரிகளை விட்டுப் போகிறாரே என்று எத்தனையோ பேருக்கு வருத்தம். 1996ல் அந்தப் பழைய கான்ஃபரன்ஸே இல்லாமல் போயிற்று. மெக்டானலின் பிள்ளைகள் ஓடியதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு உண்டு. பட்ஜெட் தாளைப் பார்க்கும்போது அதில் ஓடுகிற பிள்ளைகளின் பஸ்ஸும் ஷூவும் உனக்குத் தெரியும். கணக்கு மட்டும் படித்துவிட்டு வந்தவருக்கு அது தெரியாது.

ரிச்சர்ட்சனைக் கொண்டுவந்தவரும் பிராயில்ஸ்தான், 2002ல் அவர் வேலை போனதும் இவர் காலத்தில்தான். இனப் பாகுபாடு என்று ரிச்சர்ட்சன் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2019ல் பல்கலைக்கழகம் கூடைப்பந்துத் தளத்துக்கு அவர் பேரையே வைத்தது. வழக்குத் தள்ளுபடி ஆனதோடு அந்த மனிதரின் வலி போய்விட்டது என்று என்னால் நினைக்க முடியாது. வேலைக்கு எடுப்பதோடு உன் பொறுப்பு முடியாது, அனுப்புகிற அன்றைக்கும் நீதான் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பிராயில்ஸ் ஆண்கள் விளையாட்டுக்கு மட்டும்தான் டைரக்டர். பெண்களுக்கு 2008 வரை இங்கே தனித் துறை. அதை 1989லிருந்து நடத்தியவர் பெவ் லூயிஸ். அதற்கு முன்னால் அவர் என்னவாக இருந்தார் தெரியுமா? பெண்கள் கிராஸ் கன்ட்ரி, தடகளக் கோச். அப்படியே உன் வேலை! அவர் எழுந்த நாற்காலிக்கு 1990ல் லான்ஸ் ஹார்ட்டர் வந்தார். ஆர்கன்சாவின் பெண்கள் அணி ஒன்றுக்கு முதல் தேசியப் பட்டம் வந்தது 2015ல், ஹார்ட்டரின் உள்ளரங்கத் தடகள அணிக்கு. இருபத்தைந்து வருஷம், கயல். உன் பேச்சில் பிராயில்ஸ் வந்தாலும் வருவார், லூயிஸ் பேர் வந்து நான் கேட்டதில்லை. அவரைப் பற்றித் தேடிப் படி.

பிராயில்ஸின் மனைவி பார்பராவுக்கு அல்சைமர் வந்து 2004ல் இறந்துபோனார். பிராயில்ஸ் அதற்கப்புறம் அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு கையேடு போட்டார். நோயின் தொடக்கம், நடு, கடைசி என்று கட்டம் கட்டமாக, கோச் ஆட்டத்துக்குத் திட்டம் எழுதுவது போலவே. நம் பாட்டி கடைசிக் காலத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, எதிர்த்துப் பேசாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பழகியது எனக்கு அதைப் படித்துத்தான். 2017ல் அதே நோய் அவரையும் கொண்டுபோனது, 92 வயதில். அவர் செய்ததில் எனக்குப் பிடிக்காதது எத்தனை இருந்தாலும் அந்தக் கையேட்டுக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உன் அணிக்கு அடுத்த கோச்சை யார் தேர்ந்தெடுப்பார்கள், அந்தக் கோச் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. உனக்கு என்று சொன்னால் ஒரு வருஷத்துக்காவது வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல். உன் பெண்களிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, ஈமெயிலில் வேண்டாம். மூத்த பிள்ளைகளிடம் முதலில்.

அப்பா உனக்கு கோட் வாங்கித் தர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நிறத்தை மட்டும் நீயே சொல்லிவிடு, இல்லையென்றால் ஆர்கன்சா அணியின் ரேசர்பேக் சிவப்பில் வாங்கி அனுப்பிவிடுவார்.

அன்புடன்,
அம்மா